வழங்கப்பட்டதா, வென்றெடுக்கப்பட்டதா?
தென்னாபிரிக்காவின் எச்.ஐ.வி. சிகிச்சை விரிவாக்கம் பற்றிய இரு கட்டுக்கதைகள்

உலகிலே எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோரை மிகக் கூடுதலாகக் கொண்ட நாடு தென்னாபிரிக்காவாகும். அவர்தம் தொகை ஏறத்தாழ 80 இலட்சம். அவர்களுள் 60 இலட்சத்துக்கு அணித்தானோர் இன்று நாள்தோறும் வைரசு எதிர்ப்பு மருந்தினை உட்கொண்டு, தொழில் செய்து, பிள்ளைகளை வளர்த்து, ஏனையோரைப் போல வாழ்ந்து வருகின்றனர். உலகின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சைத் திட்டம் இதுவே. 2000ஆம் ஆண்டிலோ அந்நாட்டின் அரச வைத்தியசாலைகளில் இம்மருந்தினைப் பொதுமக்களுக்கு வழங்கும் திட்டம் எதுவும் இருக்கவில்லை. பணம் படைத்தோர் தனியார் வைத்தியரிடம் மருந்து பெற்று உயிர் தப்பினர், பணமற்றோர் இறந்தனர். 2000களின் நடுப்பகுதியில் 54 வயதளவுக்கு வீழ்ந்திருந்த ஆயுள் எதிர்பார்ப்பு, அடுத்த பத்தாண்டுகளில் 60 வயதைத் தாண்டி உயர்ந்தது. வளர்முக நாடுகளின் அண்மைக்காலச் சுகாதார வரலாற்றிலே இதற்கு ஒப்பான மாற்றங்கள் மிகச் சிலவே.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்ற வினாவுக்கு இருவகையான விடைகள் கூறப்படுகின்றன. செல்வந்த நாடுகளின் ஈகையும், பன்னாட்டு மருந்துக் கம்பனிகளின் கண்டுபிடிப்புத் திறனுமே இதனைச் சாதித்தன என்பது ஒன்று. சர்வதேச அறிக்கைகள் பலவற்றின் உட்கிடை இதுவே. மற்றையது இடதுசாரிச் சார்புடையோர் சிலரிடையே வழங்குவது: மேனாட்டு மருந்துகளை ஆபிரிக்கர்மீது திணிப்பது ஏகாதிபத்தியத்தின் வாணிபத் தந்திரமென்றும், அதனை எதிர்த்து நின்ற சனாதிபதி தாபோ ம்பெக்கி தவறாக விளங்கிக்கொள்ளப்பட்ட தேசியவாதியென்றும் அது கூறும். ஒன்றுக்கொன்று முரண்பட்டவைபோலத் தோன்றும் இவ்விரு விடைகளும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. நோயாளர் எனப்படுவோர் பிறர் கொடுத்ததைப் பெற்றவர்கள், அல்லது பிறரால் ஏமாற்றப்பட்டவர்கள் என்பதே அவ்விடம். அவர்கள் எதனையும் தாமாகச் செய்தவர்களல்லர் என்பது இரண்டினதும் துணிபு. இத்துணிபு வரலாற்றுக்கு முரணானது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. விலையின் அரசியல்

1996இல் வன்கூவரிலே நடைபெற்ற சர்வதேச எயிட்ஸ் மாநாட்டில், மூன்று மருந்துகளை ஒருசேர வழங்குவதன் மூலம் வைரசின் பெருக்கத்தை அடக்கலாம் என்பது உறுதிப்படுத்தப்பட்டது. மரண தண்டனையாக இருந்த நோய், நீடித்த ஆனால் கட்டுப்படுத்தக்கூடிய நோயாக மாறியது. ஆயின் அம்மும்மருந்துச் சிகிச்சையின் விலை ஆளொருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் அமெரிக்க டொலரையும் விஞ்சியிருந்தது. நோய் தெற்கிலும் மருந்து வடக்கிலுமாக உலகம் பிளவுண்டது.

நிறவெறி ஆட்சியினின்றும் 1994இலே விடுபட்ட தென்னாபிரிக்கா, 1997இல் தன் மருந்துச் சட்டத்தைத் திருத்தியது. வணிகப் பெயர் கொண்ட மருந்துக்குப் பதிலாக அதே வேதிப்பொருளைக் கொண்ட மலிவான மருந்தை வழங்கலாம். ஒரே கம்பனியின் மருந்து வேறொரு நாட்டிலே குறைந்த விலைக்கு விற்கப்படுமாயின் அங்கிருந்து அதனை இறக்குமதி செய்யலாம். விலை நிர்ணயம் வெளிப்படையாக அமைதல் வேண்டும். திருத்தத்தின் சாரம் இவ்வளவே. இலங்கை வாசகருக்கு இவை புதியனவாகத் தோன்றமாட்டா. பேராதனையிலே மருந்தியல் பேராசிரியராக விளங்கிய சேனக பிபிலே, 1971இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் தலைவராயிருந்து, தேவையான மருந்துகளின் பட்டியலை வரையறுத்தல், அவற்றை வணிகப் பெயரின்றி வேதிப் பெயரால் வழங்குதல், மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரிக் கொள்வனவு செய்தல் ஆகிய கொள்கைகளை நடைமுறைப்படுத்தினார். அவருக்குக் கிடைத்த எதிர்ப்பு யாது என்பதும் நாம் அறிந்ததே. கால் நூற்றாண்டு கடந்து தென்னாபிரிக்கா அதே சுவரில் மோதிற்று.

1998 பெப்ரவரியில் மருந்து உற்பத்தியாளர் சங்கமும் ஏறத்தாழ நாற்பது கம்பனிகளும் ஒருங்கே சேர்ந்து தென்னாபிரிக்க அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தன. நெல்சன் மண்டேலாவின் கையொப்பம் பெற்ற சட்டம் மூன்றாண்டுகளுக்கு மேலாகச் செயலிழந்து கிடந்தது. ஐக்கிய அமெரிக்காவும் தன் வாணிபச் சட்டத்தின் கண்காணிப்புப் பட்டியலில் அந்நாட்டைச் சேர்த்து நெருக்குதல் கொடுத்தது. அம்மூன்றாண்டுகளில் அங்கு மாண்டோர் இலட்சக்கணக்கினர்.

ஆக்கவுரிமை தளர்த்தப்படின் ஆராய்ச்சி நின்றுபோம், ஆராய்ச்சி நின்றால் நாளைய நோயாளர் மாள்வர் என்பதே கம்பனிகளின் வாதமாயிருந்தது. இவ்வாதத்தைப் பல்கலைக்கழகத்தார் சற்று நுணுகி ஆராய்தல் தகும். முதலாவது எச்.ஐ.வி. மருந்தான ஏ.இசட்.ரி. 1964இலே அமெரிக்கப் பொதுநிதி பெற்ற புற்றுநோய் ஆராய்ச்சியின்போது ஆக்கப்பட்டதாகும். மும்மருந்துச் சிகிச்சையிலே பெரிதும் பயன்பட்ட ஸ்ரவுடின் என்னும் மருந்தின் எச்.ஐ.வி. எதிர்ப்பாற்றல் யேல் பல்கலைக்கழகத்து ஆய்வுகூடத்திலே கண்டறியப்பட்டது. அதன் ஆக்கவுரிமையும் அப்பல்கலைக்கழகத்திடமே இருந்தது. பிறிஸ்ரல் மயர்ஸ் ஸ்குவிப் கம்பனி உரிமம் பெற்று விற்று இலாபமீட்டியது. 2001இன் தொடக்கத்தில் எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பு யேல் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய வேண்டுகோளை அங்குள்ள மாணவர்கள் கையிலெடுத்துக் கிளர்ச்சி செய்தனர். மருந்தை ஆராய்ந்த பேராசிரியர் வில்லியம் புறூசொவ் தாமும் மாணவர் பக்கம் நின்றார். அவ்வாண்டு மார்ச்சில், தென்னாபிரிக்காவிலே தன் ஆக்கவுரிமையை வலியுறுத்தப் போவதில்லையெனக் கம்பனி அறிவிக்க நேர்ந்தது. அதனால் ஆராய்ச்சி எதுவும் நின்றுவிடவில்லை. உலக மருந்துச் சந்தையில் ஆபிரிக்காக் கண்டத்தின் பங்கு மிகச் சொற்பம். அச்சொற்பத்தை இழப்பதால் ஆராய்ச்சி அழியும் என்ற வாதத்தைக் கணக்கு அறிந்தோர் ஏற்பதற்கில்லை. கம்பனிகள் அஞ்சியது வேறொன்றுக்கு: மருந்தை எவ்வளவு மலிவாக ஆக்க முடியும் என்ற உண்மை வெளிப்பட்டால், செல்வந்த நாடுகளின் நோயாளரும் வினா எழுப்பத் தொடங்குவர்.

அவ்வுண்மையும் வெளிப்பட்டது. 2001 பெப்ரவரியில், மும்பாயின் சிப்லா நிறுவனத்தின் தலைவர் யூசுப் ஹமீத், அதே மும்மருந்துகளை எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்புக்கு ஆளொருவருக்கு ஆண்டுக்கு 350 டொலருக்குத் தருவதாக அறிவித்தார். இந்தியாவால் இது எவ்வாறு இயன்றது? 1970ஆம் ஆண்டின் இந்திய ஆக்கவுரிமைச் சட்டம் மருந்தின் ஆக்கமுறைக்கு மட்டுமே உரிமை வழங்கியது. மருந்துப் பொருளுக்கு வழங்கவில்லை. ஒரு வளர்முக நாடு தன் தேவை கருதி இயற்றிய சட்டம், முப்பதாண்டுகளின் பின்னர் இன்னொரு கண்டத்து மக்களின் உயிரைக் காத்தது. உலக வாணிப நிறுவனத்தின் உடன்படிக்கைக்கு அமைய 2005இல் இந்தியா அச்சட்டத்தை மாற்ற நேர்ந்தமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. இன்று ஒரே மாத்திரையில் அடங்கும் மும்மருந்தின் விலை ஆண்டுக்கு 50 டொலரிலும் குறைவு. பத்தாயிரத்துக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட தூரத்தை அறிவியல் மட்டும் கடந்துவிடவில்லை. அரசியலும் உடன் நடந்தது.

2. நோயாளரின் இயக்கம்

1998 டிசம்பர் 10ஆம் நாள், கேப்டவுன் நகரிலே, சக்கி அக்மத் முதலியோர் சிகிச்சைச் செயல் இயக்கத்தைத் தொடங்கினர். அதே மாதத்தில், தமக்கு எச்.ஐ.வி. உண்டெனப் பகிரங்கமாகக் கூறிய குகு டிலாமினி என்னும் பெண், டேர்பன் நகருக்கு அணித்தான குவாமாஷுவிலே அயலவரால் அடித்துக் கொல்லப்பட்டார். நோயைக் கூறினாலே சாவு வரும் என்ற அச்சம் நிலவிய நாட்டிலே, எச்.ஐ.வி. உடையோர் எனப் பெரிய எழுத்துகளில் பொறித்த சட்டையை அணிந்து ஆயிரக்கணக்கானோர் வீதியில் இறங்கினர். தொற்று உள்ளவரும் அற்றவரும் ஒரே சட்டையை அணிந்தமையால் யார் எவரென அறிய இயலவில்லை. களங்கத்தை நீக்கப் பல அரச சுவரொட்டிகளால் ஆகாததை இச்சட்டை ஆக்கியது.

இயக்கத்தினர் சட்டத்தை அறிந்திருந்தனர், மருந்தியலையும் கற்றனர். மருந்தின் பெயர், செயற்படும் முறை, பக்கவிளைவு, அதன் ஆக்கவுரிமை யாரிடமுள்ளது, விலை ஏன் இவ்வளவு ஆகியவற்றை எழுத்தறிவு குறைந்தோரும் விளங்கிக்கொள்ளும் வண்ணம் சேரிகள்தோறும் கற்பித்தனர். 2000 ஒக்டோபரில் அக்மத் தாய்லாந்து சென்று, பைசர் கம்பனி அதிக விலைக்கு விற்றுவந்த புளூகொனசோல் மருந்தின் மலிவான வடிவத்தை வாங்கி, ஆக்கவுரிமையை வெளிப்படையாகவே மீறி நாட்டுக்குள் கொணர்ந்தார். 2001 மார்ச்சில் பிரிட்டோறியா மேல் நீதிமன்றிலே கம்பனிகளின் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, இவ்வியக்கம் நீதிமன்றின் நண்பனாக அரசின் பக்கம் நின்று வாதாட அனுமதி பெற்றது. வறண்ட வாணிபச் சட்ட வழக்கு, இறப்பவர்களின் வழக்காக மாறியது. உலகெங்கும் கண்டனம் எழுந்தது. ஏப்பிரல் 19ஆம் நாள் கம்பனிகள் வழக்கை மீளப்பெற்றன. அவ்வாண்டு நவம்பரில் டோகாவிலே கூடிய உலக வாணிப நிறுவனத்தின் மாநாடு, ஆக்கவுரிமை விதிகள் பொதுச் சுகாதாரத்தைக் காக்கும் உரிமைக்குத் தடையாகா எனப் பிரகடனஞ் செய்ததன் பின்னணியிலே இவ்வெற்றிக்குப் பங்குண்டு.

ஈகைக் கதையைக் கூறுவோர் இவ்வதிகாரத்தை ஏன் விட்டுவிடுகின்றனர் என்பது விளங்காத புதிரன்று. கம்பனிகளின் பிந்திய விலைக்குறைப்பும் இலவச நன்கொடைகளும் தோல்விக்கு முன்னர் வந்தனவா, தோல்வி நெருங்கியபோது வந்தனவா எனக் கேட்டால் கதை குலைந்துவிடும்.

3. தேசியத்தின் பெயரால் ஒரு மறுப்பு

இனி இரண்டாவது கதைக்கு வருவோம். இது முன்னதினும் ஆபத்தானது. நம் மனத்துக்கு உவப்பான மொழியிலே பேசுவதே அதற்குக் காரணம்.

கம்பனிகள் வழக்கை மீளப்பெற்றதும் அரசு மருந்து வழங்கத் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. எயிட்ஸ் நோய்க்கு எச்.ஐ.வி. வைரசுதான் காரணமா என்ற ஐயத்தைச் சனாதிபதி ம்பெக்கி எழுப்பினார். 2000இலே அவர் அமைத்த ஆலோசனைக் குழுவில், அக்காரணத்தை மறுத்துவந்த பீற்றர் டியூஸ்பேர்க் போன்றோரும் இடம்பெற்றனர். அவ்வாண்டு யூலையில் டேர்பனிலே நடைபெற்ற சர்வதேச எயிட்ஸ் மாநாட்டின் தொடக்கவுரையில், வறுமையே உலகின் முதன்மையான கொலையாளி என்ற கருத்தை அவர் முன்வைத்தார். எச்.ஐ.வி.யே எயிட்ஸின் காரணம் என ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் வைத்தியர்களும் கையொப்பமிட்டு வெளியிட்ட பிரகடனம் அவர் மனத்தை மாற்றவில்லை. அவரது சுகாதார அமைச்சர் மன்ரோ சபலாலா-சிமாங், உள்ளியையும் பீற்றூட்டையும் எலுமிச்சையையும் விதந்துரைத்து, மருந்தின் நச்சுத்தன்மையையே அழுத்திப் பேசினார்.

ம்பெக்கி கூறியவற்றுள் உண்மை இல்லையெனக் கூறுதல் நேர்மையாகாது. வறுமை நோயை வளர்க்கும் என்பது உண்மை. ஆபிரிக்கரின் பாலியல் ஒழுக்கம் பற்றி மேனாட்டார் இழிவாகப் பேசிவந்தனர் என்பதும் உண்மை. மருந்துக் கம்பனிகள் கொள்ளை இலாபம் ஈட்டின என்பதை மேலே கண்டோம். ஆனால் இவ்வுண்மைகளிலிருந்து அவர் வந்தடைந்த முடிவு யாது? வறியோருக்கு மருந்து வேண்டாம் என்பதே. வறுமையைச் சுட்டியவர், வறுமையை ஒழிக்கும்வரை வறியவரைச் சாகவிட்டார். ஏகாதிபத்தியத்தைச் சாடிய உரைகள் நாடாளுமன்றிலே ஒலித்துக்கொண்டிருக்க, தனியார் காப்புறுதி உடையோர் அதே நகரத்திலே மருந்து பெற்று வந்தனர். எச்.ஐ.வி. உடையவரெனப் பகிரங்கமாக அறிவித்த நீதியரசர் எட்வின் கமரன், தாம் உயிரோடிருப்பதற்குக் காரணம் தம்மால் விலை கொடுக்க முடிந்தமையே என டேர்பன் மாநாட்டிலே கூறியது, எந்தத் தத்துவ விவாதத்தினும் கூர்மையான வர்க்க ஆய்வாகும்.

தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதைத் தடுக்கும் நெவிறப்பின் மருந்தை ஐந்தாண்டுகளுக்கு இலவசமாகத் தருவதாக அதன் உற்பத்தியாளர் 2000இலே முன்வந்தனர். பேறுவேளையிலே தாய்க்கு ஒரு மாத்திரை; பிறந்த குழந்தைக்குச் சில துளி. அரசோ மாகாணத்துக்கு இரண்டாகப் பதினெட்டு நிலையங்களில் மட்டும் அதனைப் பரீட்சித்துப் பார்ப்பதெனத் தீர்மானித்தது. அப்பதினெட்டுக்கு வெளியே பணியாற்றிய அரச வைத்தியர், மருந்து கையில் இருந்தாலும் கொடுத்தல் ஆகாது. இங்கே விலை தடையாக இல்லை. ஆக்கவுரிமையும் தடையாக இல்லை. அரசின் பிடிவாதம் ஒன்றே தடை.

2001 மார்ச்சில் அரசின் பக்கம் நின்று கம்பனிகளை எதிர்த்த அதே இயக்கம், அவ்வாண்டு ஓகஸ்டில் அதே அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. இவ்விரு செயல்களுக்குமிடையே முரண்பாடு உண்டெனக் கருதுவோர், அரசியலை அணிசேர்தலாக மட்டும் விளங்கிக்கொண்டோராவர். இயக்கம் ஒரே இடத்திலேயே நின்றது. நோயாளரின் பக்கமே அது. 2002 யூலை 5ஆம் நாள் அரசியலமைப்பு நீதிமன்றம், சுகாதார சேவையைப் பெறும் உரிமையை அரசு மீறியுள்ளதெனத் தீர்ப்பளித்து, நெவிறப்பின் மீதான கட்டுப்பாட்டைத் தாமதமின்றி நீக்கப் பணித்தது. தேசிய விடுதலைப் போராட்டத்தில் ஊறிய கொசாற்று தொழிற்சங்கச் சம்மேளனம், ஆளுங்கட்சியின் கூட்டணியில் இருந்துகொண்டே இயக்கத்துக்கு ஆதரவளித்தமை கவனிக்கத்தக்கது. மேனாட்டுக் கைக்கூலிகள் என்ற வசை தொழிலாளர்மீது ஒட்டவில்லை.

இதன் பின்னரும் வளர்ந்தோருக்கான சிகிச்சைத் திட்டம் தாமதிக்கப்பட்டது. பொது வைத்தியசாலையில் யாவருக்கும் கிடைக்கும்வரை தாம் மருந்து உண்ணப்போவதில்லையென உறுதி பூண்டிருந்த அக்மத்தை, 2002இல் மண்டேலா நேரிற் சென்று கண்டு மருந்து உண்ணுமாறு வேண்டினார். 2003 மார்ச்சில் இயக்கத்தினர் சட்டமறுப்பில் இறங்கி, பொலிஸ் நிலையங்களுக்குச் சென்று அமைச்சர்மீது உயிர்ப்பலிக் குற்றஞ் சாட்டினர். அவ்வாண்டு நவம்பரிலேயே அமைச்சரவை தேசிய சிகிச்சைத் திட்டத்தை அங்கீகரித்தது. அப்போதும் நடைமுறை ஊர்ந்தே சென்றது. ம்பெக்கி 2008 செப்தெம்பரில் பதவி விலகியதும், அடுத்து வந்த பார்பரா ஹோகன், ஆரன் மொற்சோலெடி ஆகிய அமைச்சர்களின் காலத்திலேதான் கதவு முழுமையாகத் திறந்தது.

இத்தாமதத்தின் விலை என்ன? ஹாவாட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2008இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2000 முதல் 2005 வரையான காலத்தில் மட்டும் மூன்று இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் வீணே இழக்கப்பட்டன. முப்பத்தையாயிரம் குழந்தைகள் தவிர்த்திருக்கக்கூடிய தொற்றுடன் பிறந்தன. அவர்கள் யாவரும் நிறவெறி ஆட்சியினின்றும் விடுதலைபெற்ற நாட்டின் மக்கள். விடுதலையின் மொழியே அவர்களுக்கு மருந்தை மறுத்தது. ஏகாதிபத்திய எதிர்ப்பு என்ற முத்திரையைக் கண்ட மாத்திரத்தே உள்ளே இருப்பதை ஆராயாது கைதட்டும் வழக்கம் நமக்கு இருக்குமாயின், இவ்வெண்ணிக்கையை நாம் மனப்பாடஞ் செய்தல் வேண்டும். ஒரு கோட்பாடு யாரை எதிர்க்கின்றது என்பதைக் கொண்டு மட்டும் அதனை எடைபோடலாகாது. அது யாரைக் காக்கின்றது என்பதே உரைகல்.

4. வறியோரால் இயலாது என்ற வாதம்

இவ்விரு கதைகளுக்கும் அடியில் ஓடும் மூன்றாவது கருத்தொன்றுண்டு. வறியோருக்குச் சிக்கலான சிகிச்சையைப் பின்பற்றும் ஆற்றல் இல்லை என்பதே அது. 2001இலே அமெரிக்க உதவி நிறுவனத்தின் தலைவராயிருந்த அன்ட்றூ நற்சியோஸ், ஆபிரிக்கர் பலருக்குக் கடிகார நேரம் தெரியாது, ஆதலின் குறித்த வேளைக்கு மருந்து உண்ணல் அவர்களால் ஆகாது என்னும் பொருள்படப் பேசினார். அவ்வாண்டிலேயே, கேப்டவுனுக்கு வெளியேயுள்ள கயெலிட்சா என்னும் தகரக் குடிசைகள் செறிந்த நகர்ப்புறத்தில், எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பு சாதாரண சுகாதார நிலையங்களில் மும்மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. அங்குள்ளோர் மருந்தைத் தவறாது உட்கொண்டமையும், அவர்தம் இரத்தத்தில் வைரசு அடங்கியமையும் செல்வந்த நாடுகளின் பெறுபேறுகளுக்குச் சற்றும் குறைந்தனவல்ல. தம் மருந்தைத் தாமே கற்றறிந்த நோயாளர், அதனைக் கைவிடவில்லை.

2010 முதல் தாதியரே சிகிச்சையைத் தொடக்கலாமென விதி மாற்றப்பட்டது. வைத்தியர் இல்லாத கிராமங்களுக்கும் மருந்து சென்றமைக்கு இச்சிறு விதிமாற்றமே பெருங்காரணம். அதே ஆண்டில் ஒன்றரைக் கோடிப் பேரைப் பரிசோதிக்கும் இலக்குடன் நாடளாவிய இயக்கம் தொடங்கியது. பல மாத்திரைகள் ஒரே மாத்திரையாயின. 2016 செப்தெம்பர் முதல், நோய் முற்றும்வரை காத்திராது, தொற்று உறுதியான யாவருக்கும் உடன் சிகிச்சை என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. சிகிச்சையால் வைரசு அடங்கியவர் பாலுறவின் மூலம் பிறருக்குத் தொற்றைக் கடத்துவதில்லை என்பது ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளமையின், இங்கே சிகிச்சையே தடுப்பாகவும் அமைகின்றது. சிகிச்சையா தடுப்பா, எதற்குப் பணம் என முன்னர் நடந்த வாதம் பொருளற்றதாயிற்று.

5. கொடையின் நிலையாமை

வெளிநாட்டு உதவி ஏதும் செய்யவில்லையெனக் கூறுவது எம் வாதமன்று. 2002இல் தோன்றிய உலக நிதியமும், 2003இல் அமெரிக்கா அறிவித்த எயிட்ஸ் நிவாரணத் திட்டமும் ஆபிரிக்காவிலே இலட்சோபலட்சம் உயிர்களைக் காத்தன. அவற்றின் தொண்டர்களும் தாதியரும் நன்றிக்குரியோர். எனினும் அவை தோன்றிய காலத்தை நோக்குக. மலிவு மருந்து இயலும் என நிறுவப்பட்டு, வழக்கில் கம்பனிகள் தோற்று, டோகா பிரகடனமும் வெளிவந்த பின்னரே அவை தோன்றின. போராட்டம் திறந்த வாயிலினூடாகவே ஈகை உள்ளே வந்தது.

அக்கொடை தன் நிபந்தனைகளையும் உடன்கொண்டு வந்தது. அமெரிக்கத் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், தடுப்புக்கான நிதியில் மூன்றிலொரு பங்கு திருமணம்வரை பாலுறவைத் தவிர்க்குமாறு போதிப்பதற்கென ஒதுக்கப்பட்டது. நோயின் பரவலை ஆராய்ந்தோர் இட்ட பங்கீடன்று அது. அமெரிக்க வாக்காளரின் மத உணர்வு இட்ட பங்கீடு.

அதன் நிலையாமை 2025இலே வெளிப்பட்டது. அவ்வாண்டு சனவரியில் பதவியேற்ற அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியது. பெப்ரவரியில் தென்னாபிரிக்காவைப் பெயர் சுட்டியே உதவியை நிறுத்தும் ஆணை பிறந்தது. ஒரு கையொப்பத்தால் ஆயிரக்கணக்கான சுகாதாரப் பணியாளர் வேலை இழந்தனர். பாலியல் தொழிலாளர், ஆணோடு உறவுகொள்ளும் ஆடவர், போதையூசி ஏற்றுவோர் ஆகியோருக்கென அமைந்த நிலையங்கள் பல மூடப்பட்டன. அரச வைத்தியசாலையில் அவமதிப்புக்கு அஞ்சி அந்நிலையங்களையே நாடிவந்த மக்கள் இவர்கள்.

ஆயினும் மாத்திரை நின்றுவிடவில்லை. தென்னாபிரிக்காவின் எச்.ஐ.வி. செலவினத்தில் அமெரிக்கத் திட்டத்தின் பங்கு நூற்றுக்குப் பதினேழளவாகவே இருந்தது. மருந்தைப் பெரும்பாலும் அரசு தன் வரிப்பணத்திலேயே கொள்வனவு செய்து வந்தது. அவ்வாறு அரசை வரவுசெலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கச் செய்தது எது? நீதிமன்றத் தீர்ப்பும் வீதிப் போராட்டமும் அல்லவா? உரிமையாகப் பெற்றது எஞ்சியது. கொடையாகப் பெற்றது ஓரிரவில் மறைந்தது. ஈகைக் கதைக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

6. எஞ்சியோர்

முன்னேற்றத்தைப் பாடுவோர் வீதங்களைக் காட்டுவர். அவ்வீதங்களுக்கு வெளியே நிற்போரை நாம் காட்டுதல் வேண்டும். தொற்றுடைய 80 இலட்சத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் இன்னும் சிகிச்சையில் இல்லை. அவர்களுட் பலர் தம் நிலையை அறிந்தவர்களே. மருந்தைத் தொடங்காதவர்கள், அல்லது தொடங்கி இடைவிட்டவர்கள். நீண்ட வரிசையும், ஒருநாட் கூலி இழப்பும், போக்குவரத்துச் செலவும், தாதியின் கடுஞ்சொல்லும் அவர்களை விலக்கி வைத்துள்ளன. சிகிச்சையில் இல்லாத 11 இலட்சம் பேரைச் சேர்க்கும் முயற்சியை 2025 பெப்ரவரியில் அரசு தொடங்கியது. உதவி நிறுத்தப்பட்ட அதே மாதம் அது. ஆண்டுதோறும் புதிதாகத் தொற்றுவோர் இன்னும் இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் இளம் பெண்களின் பங்கு மிகுதி. ஆணுறை அணியுமாறு கேட்கும் வலு இல்லாத உறவுகளிலே அறிவுரை பயனளிக்காது.

இவர்களுக்கென ஒரு மருந்து வந்துள்ளது. ஆண்டுக்கு இருமுறை ஏற்றும் லெனகபவிர் ஊசி, தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் இளம் பெண்களிடையே பரீட்சிக்கப்பட்டது. ஊசி பெற்ற 2,134 பேருள் ஒருவருக்கேனும் தொற்று ஏற்படவில்லையென்ற முடிவு 2024இல் வெளியாயிற்று. 2025இல் அமெரிக்காவிலே கிலியட் கம்பனி அதற்கு இட்ட விலை ஆண்டுக்கு 28,000 டொலருக்கு மேல். அதே ஆண்டு செப்தெம்பரில், இந்திய நிறுவனங்கள் அதனை 2027 முதல் 120 நாடுகளுக்கு 40 டொலருக்கு வழங்கும் எனவும் அறிவிக்கப்பட்டது. 28,000க்கும் 40க்கும் இடையிலே கிடப்பது எது என 1998இன் வினாவை மீண்டும் எழுப்ப வேண்டியுள்ளது. அப்பட்டியலினின்று பிறேசில், ஆர்ஜென்ரீனா, மெக்சிக்கோ, பெரு ஆகியன விலக்கப்பட்டுள்ளன. இந்நாடுகளின் மக்களும் அம்மருந்தின் பரீட்சைகளில் தம் உடலைக் கொடுத்தவர்களே. 1996இலேயே இலவச எச்.ஐ.வி. சிகிச்சையைச் சட்டமாக்கி, 2007இல் எபவிரென்ஸ் மருந்துக்குக் கட்டாய உரிமம் பிறப்பித்த பிறேசில், நடுத்தர வருமான நாடு என்ற பெயரால் இன்று வெளியே நிறுத்தப்படுகின்றது. பரீட்சைக்கு ஏற்ற உடல், பயன்பெற ஏற்றதாகாதோ?

7. முடிவாக

தென்னாபிரிக்காவின் முன்னேற்றம் மெய்யானது. அதனை மறுப்போர் உயிர் பிழைத்தோரை அவமதிக்கின்றனர். அதனை ஈகையாளரின் கணக்கில் எழுதுவோரோ அவ்வுயிர்களுக்காகப் போராடி மாண்டோரை அவமதிக்கின்றனர். வரலாற்றை யார் ஆக்கினர் என்பது வெறும் ஏட்டுச் சர்ச்சையன்று. பெற்றது கொடையெனின் அது நின்றபோது இரங்கிக் கேட்பதே வழி; பெற்றது உரிமையெனின் அதனைக் கோருவதற்கும் காப்பதற்கும் வழிகள் உள.

2022இலே நம் நாட்டு வைத்தியசாலைகளில் மருந்து அருகியபோது, பிபிலேயின் கொள்கைகளை அரை நூற்றாண்டுக் காலம் பெருமையாகப் பேசிவந்த நாம் எத்தனை பேர் கொள்வனவுப் பட்டியலைக் கேட்டோம்? எத்தனை பேர் புலம்பெயர்ந்தோரின் பொதிகளை எதிர்பார்த்திருந்தோம்? யேல் மாணவர் தம் பல்கலைக்கழகத்தின் ஆக்கவுரிமைப் பத்திரத்தைப் படித்தனர். கயெலிட்சாவின் நோயாளர் தம் மாத்திரையின் விலைச்சீட்டைப் படித்தனர். படிப்பு என்பது அதுவே. நம்மிடையே மருத்துவம் பயில்வோர், சட்டம் பயில்வோர், பொருளியல் பயில்வோர் தனித்தனிக் கூடங்களில் அமர்ந்திருக்கின்றனர். ஒரு மாத்திரை நோயாளரின் கையைச் சென்றடைவதற்கு இம்மூன்று அறிவும் ஒருசேர வேண்டும் என்பதையும், அவற்றை ஒருசேர்ப்பது நோயாளரின் குரலே என்பதையும் தென்னாபிரிக்கா காட்டியுள்ளது. அதனைக் கற்றுக்கொள்ள நமக்கு ஒரு கொள்ளைநோய் வரும்வரை காத்திருத்தல் தகாது.